மலைக்கென்று தனி மருந்து எதுவும் இல்லை: நீலகிரியில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

'ஹில் ஸ்டேஷன் ஸ்பெஷல்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலோடு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் வாங்காதீர்கள். சமவெளியிலிருந்து மாதம் ஒருமுறை மேலே வந்து ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று கடல் மீன், பவளம் வளர்க்கும் தொட்டிகளுக்கு சர்வீஸ் செய்கிற ஒருவர் விற்கிறார். பெயர் போடவில்லை. பாட்டிலைப் பார்த்தவர்களுக்கு ஆளும் தெரியும்.

குன்னூரில் எங்கள் வீட்டில் இருப்பது 250 லிட்டர் தொட்டி. கல் பவளம் கிடையாது, எல்லாம் சாஃப்ட் கோரல், அதாவது மெல்லுடல் பவளம்தான். ஒரு லெதர், கொஞ்சம் மஷ்ரூம், கொஞ்சம் ஜோவாந்தஸ், ஒரு ஜோடி க்ளவுன் மீன். டிசம்பரில் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7.7க்கு இறங்கியதும் சர்வீஸ்காரரிடம் கேட்டேன். "சார், மலை மேல காத்து கம்மிங்க. அதான் பிஎச் நிக்க மாட்டேங்குது. இதுக்குன்னே ஒரு மருந்து இருக்குது" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். 900 ரூபாய். தினம் இரண்டு மூடி ஊற்றச் சொன்னார். பிஎச் பெரிதாக ஏறவில்லை என்றதும் நான்கு மூடி ஆக்கினார். கேஎச் (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) ஏறாதா என்று கேட்டதற்கு, இதில் இருப்பது ட்ரேஸ் எலிமென்ட் (மிகச் சிறு அளவில் தேவைப்படும் தாதுக்கள்) மட்டும், கேஎச்சைத் தொடாது என்றார். பொய் தொடங்கியது இங்கேதான்.

ஒவ்வொரு முறையும் டெஸ்ட் செய்து தொட்டி அருகே தொங்கும் அட்டையில் எழுதிவிட்டுப் போவார்: கேஎச் 8.2, கால்சியம் 420, மெக்னீசியம் 1350. அடுத்த மாதமும் அதே எண்கள். நிஜத் தொட்டியில் மூன்றும் ஒரு புள்ளிகூட நகராமல் மாதக்கணக்கில் நிற்காது. லெதர் கோரல், பூப்போல விரிகிற தன் பாலிப்பை விரிக்காமல் சுருங்கியே கிடந்தது. ஹீட்டரில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு, பம்ப் விசிறி சுற்றவே திணறியது. நானே ஒரு கேஎச் டெஸ்ட் கிட் வரவழைத்துப் பார்த்தேன். சிரிஞ்ச் ஏறக்குறைய காலியாகும்வரை நீலம் நீலமாகவே இருந்து, அப்புறம்தான் சிவந்தது. 15! கால்சியம் 340.

போனில் சொன்னால் "உங்க கிட் தப்புங்க சார்" என்கிறார். சரி என்று தொட்டிக்கான புதுக் கடல் உப்பை 35 பிபிடிக்கு (லிட்டருக்கு சுமார் 35 கிராம்) கரைத்து அதே கிட்டில் பார்த்தேன். உப்பு டப்பாவில் போட்டிருந்த அளவே வந்தது. கிட்டில் குறை இல்லை.

பாட்டிலில் இருந்தது என்னவென்று பார்ப்போம். லேபிளை ஈர விரலால் தேய்த்தால் மை கையோடு வருகிறது. என்ன கலந்திருக்கிறது, எப்போது தயாரித்தது, எதுவுமே இல்லை. குளிர்ந்த காலையில் அடியில் வெள்ளைப் படிகம் தங்கியிருக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைத்துப் பொங்குகிறது. கேஎச் ஏற்றுகிற திரவங்கள் பெரும்பாலும் இப்படிப் பொங்கும், அது குற்றமில்லை. ஆனால் கேஎச்சைத் தொடாது என்று சொல்லி விற்றது பொங்கலாமா? என் கணிப்பில் அது மளிகைக் கடை ஆப்ப சோடா. 100 லிட்டரில் கேஎச் ஒரு டிகிரி ஏற 3 கிராம் ஆப்ப சோடா போதும். அதை ஊற்றியதும் பிஎச் சற்று இறங்கவே செய்யும், பிறகும் பெரிதாக ஏறிவிடாது. எங்கள் தொட்டியில் 7.9ஐத் தாண்டவில்லை. பிஎச்சுக்காக ஊற்ற ஊற்ற ஏறியது கேஎச்தான். அளவுக்கு மீறிய கேஎச் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகி ஹீட்டரில் படிந்தது.

'மலை மேல காத்து கம்மி' விஷயத்துக்கு வருவோம். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், வாஸ்தவம். ஆனால் அந்தக் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் அதே விகிதத்தில் குறைவு. அதனால் உயரம் பிஎச்சை ஏற்றினால்தான் உண்டு, இறக்காது. இறக்குவது குளிருக்குப் பயந்து நாம் சாத்தி வைக்கும் ஜன்னல். அடைத்த வீட்டில் ஆட்களின் மூச்சும் கேஸ் அடுப்பும் விடுகிற கார்பன் டை ஆக்சைடு அறைக் காற்றில் சேர்ந்து, அதில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்குகிறது. கேஎச் இறங்கியபின் ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை வாசலுக்குக் கொண்டுபோய் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். 7.8 இருந்தது 8.2 ஆனது. இப்போது ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருக்கிறேன். ஹீட்டர் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது, அவ்வளவுதான் செலவு.

கால்சியம் குறைந்ததைச் சொன்னதும் மனிதர் அசரவில்லை, இரண்டாவது பாட்டிலை நீட்டினார். இது கால்சியத்துக்காம். கேஎச் 15 இருக்கும் தண்ணீரில் கால்சியத்தைக் கொட்டினால் தொட்டியே பால் போல வெளுத்துப்போகும். தவிர, சாஃப்ட் கோரல் தொட்டிக்குக் கால்சியம் தேவையே சொற்பம். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே போதும். வாங்கவில்லை. அதற்கும் மசியாமல், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து உயிருள்ள கல் பவளம் சல்லிசாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் கதவைக் காட்டினேன். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. பிடிபட்டால் விற்றவரோடு வாங்கியவர் மீதும் வழக்கு.

கொடுத்த பணம் வரவில்லை. பில் கேட்டபோது வாட்ஸப்பில் 'ஓகே சார்' என்று வந்ததோடு சரி.

அந்தப் பாட்டிலை ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்திவிட்டு கேஎச்சை நீங்களே அளந்து பாருங்கள். 11க்கு மேல் போயிருந்தால் ஆசிட் எதையும் ஊற்றி இறக்காதீர்கள். கேஎச் 8 வாக்கில் வருகிற உப்பை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, வாரம் பத்து, பதினைந்து சதவீதம் மாற்றிக்கொண்டே வாருங்கள். ஹீட்டரையும் பம்ப்பையும் கழற்றி வினிகரில் ஊற வைத்தால் பொருக்கு விட்டுவிடும். மாட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.