ஐஸ்வைனா, டிபிஏவா? எந்த உணவுக்கு எது?

ஜெர்மனியின் இனிப்பு வைன் வாங்கப் போகிறவர்கள் பலரும் ஐஸ்வைனுக்கும் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசேவுக்கும் (சுருக்கமாக டிபிஏ) நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் ரீஸ்லிங் திராட்சைதான் பேர்போனது. பெரும்பாலும் 375 மி.லி. அரை பாட்டிலில் வரும்.

செய்முறை
ஐஸ்வைன்: மைனஸ் 7 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிரில், கொடியிலேயே உறைந்த பழத்தைப் பறித்து உறைந்தபடியே பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகத் தங்கிவிடும். செறிந்த சாறு மட்டும் இறங்கும்.
டிபிஏ: பாட்ரைட்டிஸ் பூஞ்சை பிடித்து வற்றிய பழங்களைத் தேடித்தேடிப் பொறுக்குவார்கள்.

சுவை
ஐஸ்வைன்: இனிப்போடு பளிச்சென்ற புளிப்பு, தெளிவான பழ மணம்.
டிபிஏ: தேன், உலர்ந்த ஆப்ரிகாட், பாகு போன்ற கனம்.

விலை
இரண்டுமே அதிகம், டிபிஏ பொதுவாக இன்னும் மேலே. ஆனால் ஐஸ்வைன் குளிரை நம்பியிருக்கிறது. 2019 அறுவடையில் ஜெர்மனியின் 13 வைன் பகுதிகளில் ஒன்றில்கூட அது கிடைக்கவில்லை. சூடாகும் பூமியில் இது உண்மையாகவே கவலைப்பட வேண்டிய விஷயம்.

உணவு
ஐஸ்வைன்: ஆப்பிள் டார்ட், பீச், எலுமிச்சை சேர்த்த இனிப்புகள். பலகாரம் வைனைவிடத் தித்திப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் வைன் வெறும் புளிப்பாகத் தெரியும். அடர்ந்த சாக்லேட் வேண்டவே வேண்டாம், பழ மணத்தை அமுக்கிவிடும்.
டிபிஏ: உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டி. அல்லது எதுவுமே இல்லாமல், தனியாக.

விருந்தின் கடைசியில் பழ இனிப்பு பரிமாறுகிறீர்களா? ஐஸ்வைன் எடுங்கள், நன்றாகக் குளிரவைத்து. சீஸ் தட்டுக்கும், பல வருடம் பாதுகாத்து வைக்கவும் டிபிஏ.