பாதித் தலையில் நின்ற கத்தி: குழந்தைக்கு முதல் முடி எடுக்கச் செல்வோர் கவனத்துக்கு

சென்ற தை மாதத்தில், பதினொரு மாதமே ஆன என் மகனுக்கு முதல் மொட்டை போடுவதற்காக ஒரு மலைக்கோவிலுக்குச் சென்ற நாங்கள், கோவில் ஆள் போல் வந்து பேசிய ஒருவரை நம்பி 2,200 ரூபாயை இழந்ததோடு, குழந்தையின் தலையில் ஒரு வெட்டுக் காயத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். கோவிலின் பெயரை நான் எழுதவில்லை. நடந்தது மதிலுக்கு வெளியே, கோவிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களால். கூட்டம் கூடுகிற எந்த அடிவாரத்திலும் இதே ஏற்பாடு இருக்கலாம் என்பதால், அந்த ஒரு மணி நேரத்தை உள்ளபடியே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் காங்கயம் பக்கத்துக்காரர்கள். எங்கள் வழக்கில் முதல் முடி குலதெய்வத்துக்குத்தான். ஆனால் என் மகன் முப்பத்து மூன்றாம் வாரத்திலேயே பிறந்து, ஈரோட்டில் ஒரு மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினெட்டு நாள் இருந்தபோது, பிள்ளை பிழைத்து வந்தால் அவன் முடியோடு தன் முடியையும் தருவதாக என் அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். கணவரின் அம்மாவான என் அத்தைக்கு இதில் சற்று வருத்தம் இருந்தது. பேசிப் பார்த்து, குலதெய்வக் கோவிலில் பூமுடி (அடையாளத்துக்குக் கொஞ்சம் முடி) மட்டும் எடுத்துவிட்டு, மொட்டையை மலைக்கோவிலில் போடுவது என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு முடி எடுத்த பெரியவர் இருந்திருந்தால் அவரையே வண்டியில் அழைத்துச் சென்றிருப்போம். அவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் கோவையில் கடை வைத்திருக்கிறார், முகூர்த்த நாளில் அவரால் வர முடியவில்லை.

வேன் நிறுத்துமிடத்தில் நாங்கள் இறங்கியபோது காலை ஆறரை மணி இருக்கும். பாத யாத்திரைக் கூட்டம் காவடிகளோடு போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் நாடாவோடு ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்த இளைஞர் ஒருவர், நாங்கள் பைகளை எடுத்து முடிப்பதற்குள் அருகில் வந்துவிட்டார். அட்டையில் முருகன் படமும் ‘முடி காணிக்கை’ என்ற எழுத்தும் இருந்தன. முத்திரையோ அலுவலரின் கையெழுத்தோ இல்லை என்பதை, பிறகு என் தம்பி எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

“கொழந்தைக்கு மொட்டைங்களா? கொட்டகைல இன்னைக்கு நாலு மணி நேரமாகுமுங்க. கைப்புள்ள தாங்காது. கோயில் ஆளுங்கதான் இந்தப் பக்கம் தனியா உக்காந்திருக்கறாங்க, வாங்க” என்றார்.

“எவ்வளவுங்க தம்பி ஆகும்?” என்று அம்மா கேட்டார்.

“காசெல்லாம் எதுக்குங்கம்மா, சாமி காரியம். மனசுக்குத் தோணுனத வெச்சுட்டுப் போங்க.”

இந்த ஒரு பதிலில்தான் நாங்கள் விழுந்தோம். தொகை சொல்லியிருந்தால் என் தம்பி பேரம் பேசியிருப்பான். சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கத் தயங்காத குடும்பம் எங்களுடையது. சாமி காரியம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பது அம்மாவுக்குக் கூச்சம், அம்மா முன்னிலையில் எங்களுக்கும் கூச்சம்.

விடுதி ஒன்றின் பின்புறத்தில், நீலத் தார்ப்பாய் கட்டிய இடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். ஒரு மரப்பலகை, ஒரு பிளாஸ்டிக் வாளி, அடுப்பில் வெந்நீர், முடி திருத்துபவர் ஒருவர். தாய்மாமன் என்ற முறையில் என் தம்பி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தான். தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தவர், ஒரு தகர டப்பாவுக்குள் விரல் விட்டு அரை பிளேடு ஒன்றை எடுத்துக் கத்தியில் செருகினார். காகித உறையைப் பிரித்துப் புது பிளேடை முறிப்பதை நான் பார்க்கவில்லை. “புதுசுங்களா?” என்று கேட்டேன். “எல்லாம் புதுசுதானுங்க” என்று சொல்லிக்கொண்டே கத்தியைத் தன் பனியனில் துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டிய அளவுக்கு ஒரு புது பிளேடில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது, ஆனால் வாய் திறக்கவில்லை. இந்தப் பதிவை எழுதும்போது என்னை அதிகம் உறுத்துவது அந்த மௌனம்தான்.

உச்சியிலிருந்து வலப்பக்கமாக மழித்துக்கொண்டு வந்தவர், வலக்காது வரை முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். குழந்தையின் ஒரு பாதித் தலை வெண்மையாகவும் மறுபாதி கருகருவென்றும் இருந்தது. அப்போதுதான் கணக்குச் சொன்னார்கள். குழந்தை மொட்டைக்கு 1,001, அம்மாவின் மொட்டைக்கு 501, சந்தனம் இரண்டு தலைக்கு 300, வெந்நீர் 100, மாமன் மடிக்குத் தட்சணை 501, ஆக 2,403 ரூபாய். கேட்டவர் முடி திருத்துபவர்கூட இல்லை, எங்களை அழைத்து வந்த இளைஞர்தான். தம்பி குரலை உயர்த்தினான். “அப்படீன்னா எந்திரிச்சுப் போயிக்கங்க, யாரும் புடிச்சு வெக்கலீங்க” என்றார் அவர். பாதி மழித்த தலையோடு, குளிரில் நடுங்கி அழுகிற குழந்தையை எடுத்துக்கொண்டு எங்கே போவது? முதல் முடியைப் பாதியில் நிறுத்துவது ஆகாது என்று அம்மா கையைப் பிசைந்தார். கடைசியில் 2,200 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு, நீட்டிய கியூஆர் அட்டையில் பணம் செலுத்தினோம். திரையில் வந்தது ஒரு பெண்ணின் பெயர்.

பணம் வந்ததும் வேலை வேகமாயிற்று, அந்த வேகத்தில்தான் காயமும் ஏற்பட்டது. அழுகிற குழந்தையின் தலையை அசையாமல் பிடிக்க, முடி திருத்துபவர் தன் இடக்கையின் கட்டைவிரலை உச்சிக்குழியின் மேலேயே வைத்து அழுத்தினார். அந்தக் குழி பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில்தான் மூடுகிறது. என் மகனுக்கு மூடவில்லை, விரல் வைத்தால் துடிப்பது தெரியும். நான் பதறி அந்தக் கையைத் தட்டிவிட்ட அதே கணத்தில் குழந்தை தலையைத் திருப்ப, இடக்காதுக்கு மேலே கத்தி இறங்கிவிட்டது. ஒரு விரற்கடை நீளத்துக்கு முதலில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, பிறகு அதிலிருந்து இரத்தம் அரும்பி, ஈரத் தலையில் பரவி, தம்பியின் வேட்டியில் சொட்டியது. அவர் சிறிதும் பதறாமல் படிகாரத்தை அதில் தேய்த்தார். குழந்தை மூச்சடைத்து அழுதான். “ஒண்ணும் ஆகாதுங்க, சந்தனம் வெச்சா ஆறிப்போயிரும்” என்று சொல்லி, ஒரு டப்பாவிலிருந்து மஞ்சள் குழம்பை அள்ளி, காயத்தின் மேலேயே தலை முழுவதும் பூசிவிட்டார்.

அடுத்து அம்மா அமர்ந்தார். அம்மாவுக்கு இடுப்பு வரை முடி, நரை குறைவு. அதை இரண்டாகப் பிரித்து, மேலேயும் கீழேயும் ரப்பர் பேண்டு போட்டு, வேரை ஒட்டிக் கவனமாக அறுத்து, நுனி கலையாமல் ஒரு கோணிப்பைக்குள் வைத்தார்கள். குழந்தையின் முடி சேற்றோடு சேற்றாகக் கிடந்தது, அதை யாரும் தொடவில்லை. வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று கலையாமல் கட்டிய நீள முடிதான் சவுரிக்கும் விக்குக்கும் விலை போகிறது. கோவில்கள் காணிக்கை முடியை ஏலத்தில் விற்று அந்தத் தொகையைக் கோவில் கணக்கில் சேர்க்கின்றன. இந்தக் கோணிப்பை எந்தக் கணக்குக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தரிசனத்துக்குப் போகும் வழியில், அங்கிருந்து இருநூறு அடிகூட இராது, கோவிலின் முடி காணிக்கைக் கொட்டகையைப் பார்த்தோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்தான் நின்றிருப்பார்கள். ‘முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை’ என்று சுவரில் எழுதியிருந்தது. இந்து சமய அறநிலையத் துறையின் கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, அந்த மாதமே அது நடைமுறைக்கும் வந்தது. முடி எடுக்கும் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. செய்தித்தாளில் இதை நான் படித்தும் இருக்கிறேன். படித்தது அன்று காலை நினைவுக்கு வரவில்லை. (குலதெய்வக் கோவில்களில் பல பங்காளிகளின் பொறுப்பில் நடப்பவை. அங்கே துறையின் விதி செல்லாது, பூசாரியிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.) கொட்டகைக்குள் ஒரு நடுத்தர வயதுக்காரர், சீட்டை வாங்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி உறையைப் பிரித்துப் பிளேடை முறித்து, தூங்குகிற ஒரு பெண் குழந்தைக்கு அது விழிக்கும் முன்பே மொட்டை போட்டு முடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் குழந்தையின் தலையும் நெற்றியும் காது மடல்களும் சிவந்து, மணல் தூவினாற்போல் பொரிப்பொரியாக எழும்பியிருந்தன. வெட்டுக் காயத்தின் ஓரம் வீங்கியிருந்தது. குழந்தை மருத்துவர் பார்த்தவுடன், பூசிய பொருளால் வந்த ஒவ்வாமை என்றும், காயத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றும் சொன்னார். பிறகு அவர் கேட்டது தடுப்பூசி அட்டையை. பிறந்த அன்று ஒன்றும், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஒவ்வொன்றுமாக ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பு மருந்து செலுத்தப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே அவர் முகம் தெளிந்தது. அந்த மஞ்சள் காமாலைக் கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது என்பதால், ஒருவர் தலையில் பட்ட பிளேடை மறுநாள் இன்னொருவர் தலையில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அவர் விளக்கினார். தடுப்பூசி இல்லாத கிருமிகளும் இருக்கின்றன, வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும் மூன்று மாதம் கழித்து ஒன்றும் ஆறு மாதம் கழித்து ஒன்றுமாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றார். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அந்தச் சந்தனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்தால் வருகிற குழம்பு வெளிறிய நிறத்தில் இருக்கும், மணம் மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும். எங்களுக்குப் பூசியதோ அடர்ந்த மஞ்சள். ஊதுபத்தி வாசனை வேனுக்குள் ஊர் வரும் வரை நின்றது, துண்டில் பட்ட கறை மூன்று முறை துவைத்தும் போகவில்லை. சத்தியமங்கலத்தில் வனத்துறையின் சந்தனக் கிடங்கே இருக்கிற நம் பகுதியில், நல்ல கட்டை கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பது எல்லோருக்கும் தெரியும். 150 ரூபாய்க்கு ஒரு கைப்பிடி சந்தனம் எப்படி வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வீட்டில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) காலத்துக் கட்டை ஒன்று பூசை அலமாரியில் இருக்கிறது. அதை இழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போயிருந்தாலே போதும். அதிலும், வெட்டுப்பட்ட இடத்தில் நல்ல சந்தனத்தையும் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் தானாக நிற்குமாம்.

பத்து நாள் கழித்து நானும் தம்பியும் கோவில் அலுவலகத்துக்குப் போனோம். கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். தார்ப்பாய் கட்டியிருந்த இடம் தனியாருடையது என்றும், இரண்டு முறை காவல் துறையிடம் சொல்லி அகற்றியும் விசேட நாட்களில் மறுபடி வந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். ரசீது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பணம் செலுத்திய விவரத்தையும், அட்டை தெரிகிற புகைப்படத்தையும் நகலெடுத்து, எழுத்துப் புகாரோடு வாங்கிக்கொண்டு, பதிவெண் கொடுத்தார். காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். பணம் திரும்பவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது அந்தத் தார்ப்பாய் இல்லை, அடுப்பு வைத்திருந்த மூன்று கற்கள் மட்டும் கரியேறிக் கிடந்தன.

குழந்தைக்கு இப்போது முடி வளர்ந்துவிட்டது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பார்கள். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, மழிப்பதால் அது மாறுவதில்லை என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எப்படியும், இடக்காதுக்கு மேலே ஒரு கோட்டில் மட்டும் முளைக்கவில்லை.

அம்மா இதில் எதையும் பெரிதாகப் பேசவில்லை. அவருக்குக் குறை ஒன்றுதான். “எம் முடி சாமிக்குப் போய்ச் சேரலியே கண்ணு. கோணிப்பைக்குப் போனது எப்படி நேர்த்தி ஆகும்?” என்று கேட்டார். எங்கே போனாலும் முருகனுக்குத் தெரியும் என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், அவர் ஏற்கவில்லை. காதுவரை வளர்ந்ததும் இன்னொருக்கா போய், வரிசையில் நின்று, சீட்டு வாங்கி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். காலண்டரில் வைகாசி விசாகத்தை இப்போதே மடித்து வைத்திருக்கிறார்.