ஆர்கேடியா ப்ரோ டி5 (12 சதவீதம்): எங்கள் ராசுவின் சூரியன்

பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியை வாங்கப் போகிறீர்களா? கூண்டைப் பழசாக வாங்குங்கள், ஏறி உட்காரும் கட்டையைப் பூங்காவில் பொறுக்கி வந்து கழுவிப் போடுங்கள். விளக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் வீட்டு ராசுவுக்கு எரிவது ஆர்கேடியா ப்ரோ டி5 கிட்: 34 அங்குலம், 39 வாட், 12 சதவீத யுவிபி (வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர்). நான்கடி மரக்கூண்டுக்குப் பொருத்தமான நீளம். முக்கால்வாசி இடத்தில் வெயில், மீதியில் அவன் ஒதுங்க நிழல்.

ராசு நம்மூர் ஓணானுக்குப் பங்காளி, ஒரே குடும்பம். ஆனால் அவன் இனத்தின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. நாங்கள் இருப்பதோ லண்டனில். டிசம்பர் நடுவில் இங்கே பகல் எட்டு மணி நேரத்தைத் தொடாது, அந்த வெயிலிலும் யுவிபி இருக்கிறதா என்று தேட வேண்டும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். போதாது, கண்ணாடி யுவிபியை வடிகட்டிவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேரும். இல்லாவிட்டால் தாடை மெத்தென்று ஆகும், கால் நடுங்கும், முதுகெலும்பு வளையும்.

“சுருள் மாதிரி இருக்கிற சின்ன காயில் பல்பே போதும் சார், டி3 கலந்த பொடியைத் தூவிடுங்க” என்றார் ஒரு கடைக்காரர். பொடியால் மட்டும் ஈடுகட்ட முடியாது. குட்டி பியர்டட் டிராகன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. வாய்வழி கொடுத்த டி3, யுவிபி விளக்கு ஏற்றிய அளவுக்கு இரத்தத்தில் ஏறவில்லை என்று அதில் இருக்கிறது. காயில் பல்பு வேலையே செய்யாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு சின்ன வட்டத்தில்தான் அடிக்கும், இந்த டியூபோ உடம்பு முழுக்க ஒரே சீராக விழும். அரை மீட்டர் நீளம் வளர்கிற பிராணிக்கு அதுதான் முக்கியம்.

கிட்டில் டியூப், பளபளப்பான அலுமினிய ரிஃப்ளெக்டர், சோக் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன. கூண்டுக் கூரையின் உள்பக்கம் திருகி மாட்டினேன், தனி வயரிங் வேலை இல்லை. காயில் பல்போடு ஒப்பிட்டால் விலை பல மடங்குதான்.

பெட்டியில் உள்ள 12 என்ற எண்ணை மட்டும் நம்பி மாட்டிவிடக் கூடாது. ராசுவின் முதுகில் எவ்வளவு விழுகிறது என்பதைத் தூரமும் வலையும்தான் முடிவு செய்யும். நடுவில் வலை இல்லாமல், முதுகுக்கும் டியூபுக்கும் 12 முதல் 15 அங்குலம் இருக்க வேண்டும். வலைமூடிக்கு மேலே வைத்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வலையே தின்றுவிடும். நண்பர் ஒருவரின் சோலார்மீட்டர் 6.5 கருவியை இரவல் வாங்கி அளந்தேன். வெயில்கல்லின் மேல் யுவி குறியீடு 4-க்குச் சற்று மேல், நிழல் மூலையில் கிட்டத்தட்ட பூஜ்யம். இதுதான் வேண்டும். எவ்வளவு காய்வது என்பதை அவனே பார்த்துக்கொள்வான்.

டியூப் சூடு தராது, அதற்குத் தனி பல்பு போட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழும்படி மாட்டுங்கள். கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி, குளிர்ந்த மூலை 25 டிகிரி. சூடு குறைந்தால் தின்றது செரிக்காது. கோடையில் 14 மணி நேரம், குளிர்காலத்தில் 11 என்று டைமர் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை டியூபை மாற்ற வேண்டும். வெளிச்சம் குறையாது, யுவிபிதான் சத்தமில்லாமல் குறையும். ஆகவே மாட்டிய தேதியைக் கூண்டின் பக்கவாட்டில் எழுதி வையுங்கள்.

இனி சாப்பாடு. தீனி சரியில்லை என்றால் இந்த டியூபுக்குக் கொடுத்த காசு தண்டம். வெட்டுக்கிளியிலும் கிரிக்கெட் பூச்சியிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். அதனால் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போடுவேன். பூச்சியின் நீளம் அவன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டியாக இருந்தபோது முக்கால்வாசி பூச்சி, இப்போது முக்கால்வாசி இலை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, தமிழ்க் கடை முளைக்கீரையை நறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். “கீரைதானேடா, உடம்புக்கு நல்லதுதானே?” நமக்கு நல்லதுதான். முளைக்கீரை, பாலக் இரண்டிலும் ஆக்ஸலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கடுகுக்கீரை, ராக்கெட், துருவிய பட்டர்நட் பூசணி கொடுக்கலாம். அவகாடோ அறவே கூடாது, அது விஷம். அன்று அம்மாவின் முளைக்கீரை எங்களுக்குக் கூட்டு ஆனது.

நான்கடிக் கூண்டு, இரண்டடி உயரம், உள்ளே மாட்ட வசதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உயரம் குறைந்த கூண்டு என்றால் 6 சதவீதம் போதும். சிறுத்தை கெக்கோ வளர்ப்பவர்கள் இந்த 12 பக்கமே போக வேண்டாம், அந்திப்பொழுதுப் பிராணிக்கு இவ்வளவு வெயில் ஆகாது.