முதல் கணினிப் பாடம்: பைதானா, ஜாவாவா, சி++ஆ? அதற்கு முன் செமஸ்டரா, குவார்ட்டரா?

கலிஃபோர்னியா பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ, சான் ஹோசே வட்டாரம்) கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளின் கணினி வகுப்பைப் பற்றி விசாரிக்கும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கான விசா) வந்து, சில வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி படிக்க நினைப்பவர்கள் ஒரு வகை. பத்தாவது, பதினோராவது படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இன்னொரு வகை. இருவருக்கும் கிடைக்கும் பதில் என்னவோ ஒன்றுதான்: "பைதான் எடுத்துடுங்க, அதான் இப்ப நல்லா ஓடுது." பாதி சரி. படித்துவிட்டு எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்காமல் சொல்லும் பதில் என்பதால் மீதிப் பாதி தப்பு.

நிரல் எழுதும் மொழி அப்புறம். முதலில் காலேஜின் நாட்காட்டியைப் பாருங்கள். குபர்டினோவின் டி ஆன்சாவும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை, அதாவது குறுகிய பருவங்கள். சான்டா கிளாராவின் மிஷன் காலேஜ், ஃப்ரீமான்ட்டின் ஒலோனி போன்றவை நீண்ட பருவங்கள் கொண்ட செமஸ்டர் முறை. பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். மூன்று செமஸ்டர் யூனிட் 138 டாலர். அதே அளவு பாடம் குவார்ட்டரில் 4.5 யூனிட், 139.50 டாலர். பணத்தில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

வித்தியாசம் வேகத்தில். வகுப்பு, லேப், வீட்டுவேலை எல்லாம் சேர்த்து ஒரு செமஸ்டர் யூனிட்டுக்குக் குறைந்தது 48 மணி நேரம், குவார்ட்டர் யூனிட்டுக்கு 33 மணி நேரம் என்பது மாநிலக் கணக்கு. மேலே சொன்ன அளவு பாடத்துக்கு இரண்டிலுமே மொத்தம் 145 மணி நேரத்தை ஒட்டி வரும். செமஸ்டரில் அது சுமார் பதினாறு வாரத்துக்குப் பரவும், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் போதும். குவார்ட்டரில் பன்னிரண்டே வாரம், அதிலும் கடைசி வாரம் தேர்வு. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை) என்றால் என்ன என்று பிடிபடுவதற்குள் மிட்டெர்ம் வந்து நிற்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போனால், செமஸ்டரில் சமாளித்துவிடலாம். குவார்ட்டரில் கடைசி வரை துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பல வருடம் கழித்துப் படிக்க வருகிறவருக்கு என் ஓட்டு செமஸ்டர் காலேஜுக்குத்தான், இருபது நிமிடம் கூடுதலாக வண்டி ஓட்ட வேண்டியிருந்தாலும். வேகமாகப் படித்துப் பழகிய, வேறு பொறுப்பு இல்லாத மாணவருக்கு குவார்ட்டர் லாபம்: மூன்று பாடங்கள் கொண்ட ஒரு தொடரை ஒரே கல்வியாண்டில் முடித்துவிடலாம். இன்னும் குறுகிய கோடைக்கால வகுப்பில் முதல் நிரல் பாடத்தை எடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி எடுக்கலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு. ஆரம்ப வாரங்களில் இருக்கும் முதல் கெடுவைத் தாண்டி விலகினால் பதிவேட்டில் டபிள்யூ (விலகியதற்கான குறி) ஏறும், அது ஒரு முயற்சியாகக் கணக்காகும். ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று முயற்சிதான். சி கிரேடு வாங்கிவிட்டால், அதை ஏ ஆக்கலாம் என்று திரும்ப எடுக்கவும் விடமாட்டார்கள். பிறகு பல்கலைக்கு மாற நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, மொழிக்கு வருவோம். பைதானில் முதல் நாளே ஒரு வரி எழுதி ஓட வைத்துவிடலாம். மாறி, லூப், ஃபங்ஷன் என்ற அடிப்படைகளுக்கு நேரே போக முடிகிறது. வேலைக்காகப் படிப்பவருக்கும், டேட்டா பக்கம் போக நினைப்பவருக்கும், ஏற்கெனவே கணக்கு வழக்கு, வங்கி, ஆராய்ச்சி என்று வேறு துறையில் இருந்தவருக்கும் இதுவே சரியான வாசல். கூடவே தரவுத்தளத்துக்கான மொழியான எஸ்கியூஎல் வகுப்பு ஒன்றையும் எடுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் பலன். குறை என்னவென்றால், மெமரி, டைப் (தரவின் வகை) போன்றவற்றை பைதான் மறைத்துவிடும். அடுத்து சி++ பக்கம் போகிறவருக்கு அங்கே அது முதல் முறை பார்ப்பது போலவே இருக்கும்.

ஜாவாவில் ஒரு வரி அச்சிடுவதற்கே கிளாஸ், மெயின் என்று சடங்குகள் உண்டு. முதல் இரண்டு வாரம் எரிச்சலூட்டும். ஆனால் ஹைஸ்கூலில் ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ (கல்லூரித் தரத்துப் பள்ளிப் பாடம்) எடுக்கப்போகும் பிள்ளைக்கு ஜாவாதான் பொருந்தும், அந்தத் தேர்வே ஜாவாவில்தான். சான் ஹோசே ஸ்டேட் பல்கலையிலும் ஆரம்பப் பாடங்கள் நீண்ட காலமாக ஜாவாவிலேயே நடந்துவருகின்றன.

சி++ மூன்றிலும் கடினம். கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) துப்பும் பிழைச் செய்திகளைப் படிக்கவே தனிப் பொறுமை வேண்டும், அதற்குப் பிறகு மெமரி முகவரிகளைக் கையாளும் பாயின்டர் காத்திருக்கிறது. டி ஆன்சாவின் 22ஏ, 22பி, 22சி என்ற பாட வரிசை இந்த மொழியில்தான் வளர்ந்தது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்) வரை போகிற அந்தக் கடைசிப் பாடம்தான் பல்கலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கு மாறுகிறவருக்கு முக்கியம். எலக்ட்ரானிக்ஸ், எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் நிரல்) பக்கம் ஆர்வம் இருந்தாலும் இதை எடுக்கலாம். பொழுதுபோக்காக நிரல் எழுதிப் பார்க்க வருகிறவரை இங்கே அனுப்பினால், பாதி வழியில் திரும்பிவிடுவார்.

பல்கலைக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் மேலே நான் சொன்ன விருப்பு வெறுப்பெல்லாம் இரண்டாம் பட்சம். அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில், நீங்கள் படிக்கும் காலேஜையும் போக விரும்பும் யூசி அல்லது கால் ஸ்டேட் (மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலை அமைப்புகள்) பல்கலையையும் கொடுத்தால், எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று வந்துவிடும். யூசி பெர்க்லியில் முதல் பாடம் பைதான், இரண்டாவது ஜாவா. பக்கத்துப் பல்கலையில் வரிசையே வேறாக இருக்கும். தனியார் பல்கலைகள் பெரும்பாலும் அந்தத் தளத்தில் கிடையாது. பாட எண்களை மாநிலம் முழுவதும் பொதுவாக்கும் வேலை நடப்பதால், பழைய எண்ணை மனப்பாடம் செய்து வைத்தும் பயனில்லை.

எக்செல், வேர்டு சொல்லித்தரும் கணினிப் பயன்பாட்டு வகுப்பு, பி.இ. முடித்தவருக்கு வீண். அலுவலக வேலைக்குப் போக நினைக்கும் பி.காம்., பி.ஏ. பட்டதாரிக்கு அது வீண் இல்லை. மின்னஞ்சல், ஆன்லைன் படிவம் அளவுக்குக் கற்றுக்கொள்ள விரும்பும் பெரியவர்களுக்குக் கட்டணமே இல்லாத நான்-கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்காகாத) வகுப்புகள் இருக்கின்றன.

விசா விஷயம் ஒன்று. எச்-4, எச்-1பி உள்ளவர்கள் வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் வசித்ததையும், இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காட்டினால் மாநிலக் கட்டணம் பெறலாம். எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்கு அது கிடையாது. வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றால் அந்த வருடம் நிறையும் வரை பொறுப்பதே மேல். மாநிலத்தில் குடியிராதவருக்கான கட்டணம் பல மடங்கு.

அந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டியவை உண்டு. கால்குலஸ் தேவையில்லை, ஆனால் அல்ஜீப்ரா கையில் இருக்க வேண்டும். குரோம்புக் வைத்திருப்பவர்கள் சாதாரண லேப்டாப் ஒன்றுக்கு வழி பார்க்க வேண்டும். ஜாவா, சி++ கருவிகளை குரோம்புக்கில் நிறுவுவது தலைவலி, சில காலேஜ்கள் இரவல் லேப்டாப் தருகின்றன. ஃபோல்டர் எங்கே இருக்கிறது, ஃபைலை ஜிப் செய்வது எப்படி, டெர்மினலில் (கட்டளை தட்டச்சு செய்யும் திரை) நிரலை ஓட்டுவது எப்படி, இவை வகுப்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் பலர் திணறுவது நிரலில் இல்லை, இதில்தான். பழைய சிலபஸை வாங்கிப் பாருங்கள்: தேர்வு நேரில் தாளிலா, வீட்டிலிருந்தா, ஏஐ கருவிகளுக்கு அனுமதி உண்டா என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். எந்த மொழி என்பதைவிட எந்த ஆசிரியர் என்பது சில சமயம் பெரிய கேள்வி.

இடம் நிரம்பிவிட்டது என்று காட்டினாலும் வெயிட்லிஸ்ட்டில் பெயரைப் போட்டுவிட்டு முதல் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். வராதவர்களை ஆசிரியர்கள் நீக்குவார்கள், அந்த இடத்துக்கு ஆட் கோடு (வகுப்பில் சேர உதவும் எண்) தருவார்கள். பெயர் ஏற்கெனவே வகுப்புப் பட்டியலில் இருப்பவர்களும் முதல் நாளைத் தவறவிடக் கூடாது. ஆன்லைன் வகுப்பாக இருந்தால் முதல் வாரமே கேன்வாஸில் (காலேஜின் ஆன்லைன் பாடத் தளம்) நுழைந்து, கொடுத்த சின்ன வேலையை முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீக்கப்படுவது உங்கள் பெயராக இருக்கும்.