டெஸ்டிங் டூல் விற்பவரே ஒப்பீட்டுப் பட்டியல் கொடுத்தால் உஷார்

உங்கள் ஆபீசில் சாஃப்ட்வேரைத் தானாகவே டெஸ்ட் செய்யும் ஆட்டோமேஷன் டூல் வாங்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். டூல் பெயர், விற்றவர் பெயர் கேட்காதீர்கள், அக்ரிமெண்ட் இன்னும் முடியவில்லை.

எங்களுடையது கோவையில் பம்ப்செட் கம்பெனி. கொள்முதல், கணக்கு எல்லாமே எஸ்ஏபி என்ற பிசினஸ் சாஃப்ட்வேரில்தான். கொள்முதல் ஆட்கள் பிரவுசரில் அதன் வெப் திரையான ஃபியோரி பார்க்கிறார்கள், அக்கவுண்ட்ஸ் ஆட்கள் இன்னும் விண்டோஸில் நிறுவும் பழைய திரையான எஸ்ஏபி ஜியூஐயை விடவில்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மூன்று பேர் மூன்று நாள் உட்கார்ந்து கையால் டெஸ்ட் செய்து இடுப்பு ஒடிந்துபோன சமயத்தில்தான் இந்த டூல் விற்பவர்கள் வந்தார்கள்.

வந்ததும் நீட்டியது டெஸ்டிங் டூல்களை ஒப்பிடும் ஒரு எக்செல். செலினியம் இலவசம் ஆனால் கோடிங் தெரியணும், யூஎஃப்டி பழசு, டோஸ்கா விலை அதிகம் என்று வரிசையாகச் சிவப்பு, கடைசிப் பத்தியில் அவர்கள் டூலுக்கு மட்டும் முழுக்கப் பச்சை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எங்களுக்கு அது உறைக்கவில்லை. டெமோ காட்டியது அவர்கள் லேப்டாப்பில், அவர்களே செய்த மாதிரி ஷாப்பிங் தளத்தில். "எஸ்ஏபி ஜியூஐல ஓடுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்." அந்த ஒரு வரியை மெயிலில் வாங்காமல் விட்டது என் தப்பு.

வாங்கி இரண்டாவது வாரம் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனது. டூல் எழுதிவைக்கும் பதிவான லாகைத் திறந்தால் நடுவில் 'ஆர்க்.ஓபன்க்யூஏ.செலினியம்' என்று ஒரு வரி. எக்செல்லில் சிவப்படித்த அதே செலினியம்! அதன் மேல் டூல் கட்டுவதில் தவறில்லை, லைசென்ஸ் அனுமதிக்கிறது. ஆனால் செலினியம் பிரவுசரைத்தான் இயக்கும், எஸ்ஏபி ஜியூஐ பிரவுசரே கிடையாது. யூஎஃப்டியும் டோஸ்காவும் அங்கே வேலை செய்வது ஜியூஐ ஸ்கிரிப்டிங் (வேறு புரோகிராம் ஜியூஐயை இயக்க விடும் வசதி) வழியாக, அதற்கு சர்வரில் பேசிஸ் ஆட்கள், அதாவது எஸ்ஏபி சர்வரைப் பராமரிப்பவர்கள், அனுமதி திறந்துவிட வேண்டும், சும்மா விட்டால் அது மூடியேதான் இருக்கும். இவர்கள் கொடுத்த மாற்றுவழி திரையைப் படம் பிடித்து அந்தப் படத்தைத் தேடி கிளிக் செய்வது. அக்கவுண்ட்ஸில் ஒருவருக்குப் புது மானிட்டர் வந்தது, ரெசல்யூஷன் மாறியது, அத்தனை டெஸ்டும் படுத்துவிட்டது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். ஃபியோரியில் டெவலப்பர் தனி அடையாளமாக ஒரு ஐடி கொடுக்காத பட்டனுக்கு ஃபியோரியே '__பட்டன்12' மாதிரி ஒரு ஐடி போட்டுக்கொள்ளும், அந்த எண் எப்போது வேண்டுமானாலும் மாறும், அதை நம்பிய டெஸ்டுக்குப் பட்டன் கிடைக்காது. அப்படி மாறினாலும் ஏஐ தானே சரிசெய்துகொள்ளும் என்பதுதான் அவர்களுடைய பெரிய விளம்பரம். சரிசெய்தது எப்படித் தெரியுமா? ஒரு அப்டேட்டுக்குப் பிறகு இன்வாய்ஸ் திரையில் 'போஸ்ட்' (பில்லைக் கணக்கில் ஏற்றும்) பட்டனைக் காணாமல் பக்கத்தில் இருந்த 'பார்க்'கை (ஏற்றாமல் நிறுத்திவைப்பதை) அழுத்திவிட்டு பாஸ் என்று பச்சை காட்டியது. ஒரு மாதம்! அக்கவுண்ட்ஸ் அக்கா ஒருநாள் டெஸ்ட் சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு "ஏம்மா, ஒரு பில்லுகூட போஸ்ட் ஆகலையே" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. டாக்குமெண்ட் நம்பர் வந்ததா என்று ஒரு செக் நாங்கள் வைத்திருக்கணும், வைக்கவில்லை. கிளிக் ஆனால் போதும் என்று அவர்கள் பயிற்சியில் சொன்னதை அப்படியே செய்தோம்.

பணம் ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கட்டியாகிவிட்டது, திரும்பாது. ஐந்து லைசென்ஸ் என்றால் ஐந்து பேர் லாகின் செய்யலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு டெஸ்ட்தான் ஓடும், இது அக்ரிமெண்டில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. எழுதிய டெஸ்ட்களையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று எக்ஸ்போர்ட் கேட்டால் பிடிஎஃப் வருகிறது, பிடிஎஃப்பை வைத்து என்ன செய்ய?

வாங்கியே ஆகணும் என்றால் உங்கள் டெஸ்ட் சிஸ்டத்தில், உங்கள் ஆட்கள் கையால், இருப்பதிலேயே மோசமான திரையை எடுத்து இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு பட்டனை வேண்டுமென்றே மறைத்து, டெஸ்ட் சிவப்பாகிறதா என்று பாருங்கள்.

நாங்கள் இப்போது ஃபியோரி பகுதி டெஸ்ட்களை ப்ளேரைட் என்ற இலவச பிரவுசர் டெஸ்டிங் டூலில் முதலிலிருந்து எழுதுகிறோம். ஜியூஐ பழையபடி கையால்தான். நேற்று அவர்களிடமிருந்து ரினியூவல் கொட்டேஷன் வந்தது, கூடவே அதே எக்செல், பச்சை இன்னும் இரண்டு கட்டம் கூடியிருக்கிறது.