கடலில் எண்ணெய், எரிவாயு துளையிடும் மேடைக்குச் சாமான் ஏற்றும் கப்பல்: நீண்டகால வாடகையா, தேவைக்குப் பிடிப்பதா?

மன்னார்க் கடலில் 2011இல் கெயர்ன் நிறுவனம் இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. கிழக்குக் கடலை ஆராய 2016இல் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல் ஒப்பந்தம் செய்தது. மட்டக்களப்புக்கு அப்பால் இதுவரை ஒரு மேடையும் இல்லை. நாளை துளையிட வந்தால் டீசல், நன்னீர், இரும்புக் குழாய், சிமெந்து, துளையிடும் சேறு (துளைக்குள் செலுத்தும் கலவை) எல்லாம் கரையிலிருந்துதான் போகவேண்டும். அதற்கான கப்பல்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

தேவைக்குப் பிடிக்கும் முறை வட கடலில் நன்றாக ஓடுகிறது. ஸ்கொட்லாந்தின் அபர்தீன் துறையைச் சுற்றி எப்போதும் கப்பல்கள் வேலை தேடி நிற்கும். இரண்டு நாள் வேலைக்கு ஒன்றைப் பிடித்து, முடிந்ததும் விட்டுவிடலாம். சந்தை சரிந்தால் வாடகைக்கு எடுப்பவருக்கு லாபம். 2014இல் எண்ணெய் விலை விழுந்தபோது எத்தனையோ கப்பல்கள் கட்டிப்போடப்பட்டன. டைட்வாட்டர் போன்ற பெரிய சாமான் கப்பல் நிறுவனமே 2017இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. அந்த நேரம் பழைய விலையில் நீண்ட ஒப்பந்தம் எழுதியிருந்தவர்களுக்கு அது பெரிய சுமை.

சரி, நம் கடலில்? இங்கே சும்மா நிற்கும் கப்பலே இல்லை. காக்கிநாடாவிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரவேண்டும். வரும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் நாமே பணம் கட்டவேண்டும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மேடையின் கிரேன் வேலை நின்றுவிடும், கப்பல் காத்திருக்கும். அதைவிடப் பெரிய செலவு, சேறும் சிமெந்தும் வராமல் துளையிடும் கப்பல் சும்மா நிற்பது. அதன் ஒருநாள் வாடகை சாமான் கப்பலுடையதைப்போல் பல மடங்கு. ஆகவே இங்கே நீண்டகால வாடகைதான் சரி. பொதுவாக எரிபொருள் செலவும் வாடகைக்கு எடுப்பவர் தலையில்தான் என்பதால், பயணங்களை ஒழுங்காகத் திட்டமிட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டினாலே நிறைய மிச்சம் பிடிக்கலாம்.

மேடையின் நங்கூரங்களைப் போட்டு எடுக்கும் கப்பலுக்கு மட்டும் வேறு கணக்கு. நம் கரையில் கடலடித் திட்டு (கரையோரத்து ஆழம் குறைந்த கடலடி) ஒடுங்கியது, சீக்கிரமே ஆழம் வந்துவிடும். அங்கே நங்கூரமில்லாமல் இயந்திர விசையால் இடம்பிடித்து நிற்கும் துளையிடும் கப்பலே வரக்கூடும். எனவே நங்கூரக் கப்பலைத் தேவைப்பட்டால் பிடித்தால் போதும்.

கப்பல்களுக்குக் கரைத் தளமாக எது? ஒலுவில் கிட்ட இருக்கிறது. ஆனால் 2013இல் திறந்த அந்தத் துறைமுகத்தின் வாயை மணல் அடைப்பதும், வடக்கே கரை அரிப்பதும் அம்பாறையில் எல்லாருக்கும் தெரியும். திருகோணமலை இயற்கையாகவே ஆழமானது. தூரம் கூடினாலும் அதுவே நம்பிக்கை.

நீண்ட ஒப்பந்தத்துக்கு இன்னொரு காரணம் நம் மீனவர்கள். பயணத்துக்கொரு புதுக் கப்டன் வந்தால் வலை கிடக்கும் இடம் அவருக்குத் தெரியாது. ஒரே கப்பல் ஒரே பாதையில் போய்வந்தால் வாழைச்சேனைப் படகுகளும் கல்முனைப் படகுகளும் அதற்கேற்ப வலை போடலாம். அந்தப் பாதையையும், வலை அறுந்தால் யார் இழப்பீடு தருவது என்பதையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்.