தைலமா, பந்தா, ரப்பர் பட்டையா: தோள் இறுக்கத்துக்கு எது கைகொடுக்கும்?

ஆட்டுக்கறி கழுவும்போது சதைமேல் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒட்டியிருக்கும். இழுத்தாலும் லேசில் கிழியாது. நம் உடம்பிலும் அது ஒவ்வொரு தசையையும் போர்த்தி, தசைக்குள்ளும் இழையிழையாகப் புகுந்து, தலை முதல் கால்வரை தொடர்ந்து ஓடுகிறது. ஃபேசியா என்கிற இணைப்புத் திசு இதுதான். பெரும்பாலும் கொலாஜன் நார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஹையலுரோனன் என்ற வழவழப்பான பொருள் இருப்பதால்தான் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கிறது. நரம்பு முனைகளும் அதில் ஏராளம்.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம். கொழுந்து எடுக்கும்போது கழுத்து குனிந்தே இருக்கும், கைகள் முன்னால் நீண்டே இருக்கும், முதுகில் பை கனக்கும். டிசம்பர், ஜனவரி குளிரில் தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு நிற்பது வேறு. ஆறு வருடமாக என் வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே கல் மாதிரி ஓர் இறுக்கம். மூன்று வழிகளை மாதக்கணக்கில் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் முதல் மருந்து தைலம். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் இன்று எங்கள் அடையாளமாகிவிட்டது. அதன் எண்ணெயில் இருக்கும் சினியோல் தோலின் நரம்புகளைத் தூண்டுவதால் வலி மங்குகிறது. எனக்கு ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். விண்டர்கிரீன் தைலத்தில் கவனம் வேண்டும். அதில் கிட்டத்தட்ட முழுக்க மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தேய்க்கக் கூடாது. குழந்தைகள் சில மில்லி குடித்தாலே உயிருக்கு ஆபத்து. தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடமும் கொடுக்காதீர்கள், தோல் புண்ணாகும். வறுத்த உப்பைத் துணியில் கட்டித் தனியாக ஒத்தடம் கொடுத்ததுதான் எனக்குத் தைலத்தைவிட இதமாக இருந்தது.

அடுத்து டென்னிஸ் பந்து. சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து, முதுகெலும்பைத் தவிர்த்து, வலிக்கும் இடத்தில் மெதுவாகச் சாய்ந்து ஒரு நிமிடம் மூச்சு விடுவேன். எழுந்ததும் கழுத்து தாராளமாகத் திரும்பும். 'ஃபேசியா உருகி இளகுகிறது' என்று சொல்கிறார்களே, அதை நான் நம்பவில்லை. தொடையின் வெளிப்பக்கத்திலும் உள்ளங்காலிலும் இருக்கும் தடித்த ஃபேசியாவைக் கணக்கிட்டுப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், அதை ஒரு சதவீதம் மாற்றுவதற்கே கையால் கொடுக்க முடியாத அளவு விசை வேண்டும் என்று வந்தது. அழுத்தத்தை உணரும் நரம்பு மண்டலம் தசையைத் தளர விடுகிறது என்பதே பொருத்தமான விளக்கம். அதனால்தான் பலன் கொஞ்ச நேரத்திலேயே போய்விடுகிறது. வலிக்க வலிக்க அழுத்தினால்தான் நல்லது என்பதும் தவறு. சுளுக்கு வழிப்பவர் ஒருவரிடம் ஒருமுறை போய், ஒரு வாரம் கன்றிப்போன தோளோடு இருந்தேன்.

மூன்றாவது, உடற்பயிற்சிக்கு இழுக்கும் ரப்பர் பட்டை. இதில் எனக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. வேலை செய்து களைத்த தோளுக்கு இன்னும் வேலையா என்று தோன்றியது. டென்மார்க்கில் 198 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வு மனதை மாற்றியது. கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் அலுவலக ஊழியர்கள் வாரத்தில் ஐந்து நாள், பட்டையைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கினார்கள். சிலர் 2 நிமிடம், சிலர் 12 நிமிடம். பத்து வாரத்தில் இரு குழுவுக்குமே வலி குறைந்தது. அவர்கள் மேசை வேலைக்காரர்கள், நாங்கள் தோட்டத்துக்காரர்கள். ஆனாலும் நாள் முழுக்க ஒரே நிலையில் தோளை வைத்திருப்பது இருவருக்கும் பொது.

எனக்கு முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதத்தில்தான், சாயங்காலம் தைல பாட்டிலைத் தேடாமலே படுத்துவிட்டதை கவனித்தேன். கொலாஜன் மெதுவாகத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், தசைக்கு பலம் ஏறவும் வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் பந்தும் தைலமும்.

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நெஞ்சில் வலி, காய்ச்சல் இதில் எது இருந்தாலும் இந்த மூன்றையும் விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். மற்றபடி ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால், இருப்பதிலேயே லேசான பட்டையை வாங்குங்கள். ஒத்தடத்துக்கு உப்பு வீட்டிலேயே இருக்கிறது.